தாழ்த்திய ஹைலக்ஸுக்குக் காற்றுப் பை: வாங்குமுன் அளக்க வேண்டியவை

உரும்பிராயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், பின்சில்லு மட்டும் இழுக்கும் சிங்கிள் கப், அதாவது ஒரே வரிசை ஆசனம் உள்ளது. முன்னைய சொந்தக்காரர் பின்பக்கம் அக்ஸிலுக்கும் அதன் கீழே ஓடும் ஸ்பிரிங் பிளேட்டுக்கும் நடுவில் 3 அங்குலக் கட்டை வைத்து, முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டோர்ஷன் பாரைத் தளர்த்தித் தாழ்த்தியிருக்கிறார். தம்பி கிழமை நாட்களில் நீர்வேலி வாழைக்குலையும் வெங்காயமும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குப் போகிறார். 600 கிலோ வரை வருமாம். பாரம் ஏறினால் அக்ஸில் செசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இடிக்கிறது. ஒருவர் லொறிக் காற்றுப் பை, அதாவது காற்று அடித்தால் ஸ்பிரிங் போல வண்டியைத் தாங்கும் ரப்பர் பை, இரண்டு வாங்கிப் பூட்டச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் பிளேட்டையே கழற்றிவிட்டு நாலு சில்லுக்கும் பை போடச் சொல்லியிருக்கிறார். எந்தப் பை வாங்குவது, எப்படிப் பூட்டுவது என்பதுதான் கேள்வி.

தம்பி, பையைக் கடைசியாக வாங்குங்கள். பலர் முதலில் பையை வாங்கி விடுகிறார்கள். பிறகு அதை எங்கே செருகுவது என்று கீழே படுத்துப் பார்க்கிறார்கள். பை குடியிருக்கும் இடம் அக்ஸிலின் முதுகுக்கும் செசியின் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. தாழ்த்திய வண்டியில் முதலில் பறிபோனதே அந்த இடைவெளிதான். இரட்டை மடிப்புப் பை, அதாவது இரண்டு வடையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல இருக்கும் பை, முழுதாக நசுங்கினாலும் கிட்டத்தட்ட 3 அங்குலம் நிற்கும். அது ஒழுங்காக வேலை செய்யும் உயரம் 5 முதல் ஐந்தரை அங்குலம். மேலும் கீழும் பிராக்கெட் தகடு வந்தால் இன்னும் முக்கால் அங்குலம் போகும். 3 அங்குலக் கட்டை வைத்த வண்டியில் இந்த இடம் கிடைக்காது.

ஆகவே சமதரையில் நிறுத்தி மூன்று அளவு எடுங்கள். வெறும் வண்டியில் ஒன்று. வழக்கமான பாரத்தோடு ஒன்று. செசியை ஜக்கால் தூக்கிப் பின்சில்லு இரண்டும் தொங்கும்போது ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சில்லு தொங்கும்போது இடைவெளி பையின் முழு நீளத்தை விட அதிகமானால், ஒரு பெரிய பள்ளத்தில் பை இழுபட்டு அதன் தகட்டோடு சேரும் இடத்தில் கிழியும். அப்படி நீளுமானால் ஷொக் அப்சோபரோ நைலோன் பட்டியோ அதற்கு முன்பே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இனி, லொறிப் பை. கொழும்பு இரவு பஸ்களுக்குக் கீழே இருப்பதும் இதே இனம் என்பதால் 'அவ்வளவு பெரிய பஸ்ஸையே தாங்குதே' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பையின் கணக்கு மிக நேரானது: காற்றின் அழுத்தத்தைப் பையின் பரப்பால் பெருக்கினால் தூக்கும் பலம் வரும். 100 பி.எஸ்.ஐ.யில், அதாவது சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தத்தில், 2600 இறாத்தல் தூக்கும் என்று ஒரு சிறிய பையில் குறித்திருந்தால், அதன் பரப்பு 26 சதுர அங்குலம். பெரிய லொறிப் பைக்கு இதைப்போல மூன்று மடங்கு இருக்கும், 78 என்று வைப்போம். உங்கள் வெறும் வண்டியில் பின்பக்கம் ஒரு சில்லின் மேல் உட்காரும் எடை, அக்ஸிலையும் சில்லையும் கழித்தால், 230 கிலோ என்று எடுங்கள். அது 507 இறாத்தல். சிறிய பை தனியாகத் தாங்கினால் 19 அல்லது 20 பி.எஸ்.ஐ. போதும். லொறிப் பையில் அதே எடைக்கு ஆறரைதான் வரும். அந்தக் குறைந்த காற்றில் பை தொளதொளவென்று நிற்கும், வளைவில் வண்டி சரியும், மடிப்பு தன்னைத்தானே உரசித் தேயும். லொறிப் பை பலமானது, உண்மை. ஆனால் உங்கள் எடைக்கு அது அரைத் தூக்கத்தில் இருக்கும். உடம்புக்கு ஏற்ற சட்டைதான் வேண்டும்.

இரண்டாவது யோசனை, பிளேட்டைக் கழற்றிவிட்டு முழுதாகப் பையில் ஓடுவது. அது கெட்ட யோசனை அல்ல, ஆனால் உங்கள் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். பிளேட் வெறும் ஸ்பிரிங் மட்டும் அல்ல. அக்ஸில் முன்னே பின்னே போகாமலும், பக்கவாட்டில் நழுவாமலும், பிரேக் பிடிக்கும்போது சுழலாமலும் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அதைக் கழற்றினால் அந்த வேலை எல்லாவற்றுக்கும் நாலு இணைப்புத் தண்டும், பக்கவாட்டுக்கு ஒரு குறுக்குத் தண்டும் செய்ய வேண்டும். தண்டுகளின் நீளமும் சாய்வும் பிழைத்தால், வண்டி ஏறி இறங்கும்போது, பின்னக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் தண்டின் கோணம் மாறி, 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டியின் தரையே அதிரும். பையை அக்ஸிலுக்கு முன்னால் தண்டின் மேல் வைத்தால் நெம்புகோல் கணக்கும் வரும். தண்டின் பிணைப்பிலிருந்து அக்ஸில் 60 சென்ரிமீற்றரிலும் பை 45 இலும் இருந்தால், பை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடையைச் சுமக்கும். முன்பக்கமும் டோர்ஷன் பாரை எடுத்துவிட்டுப் பைக்குத் தனிக் கிண்ணம் அடிக்க வேண்டும். காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு இதெல்லாம் அழகு. விடியற்காலையில் வாழைக்குலையோடு ஓடும் வண்டிக்கு, உடைந்தால் சுன்னாகத்திலேயே திருத்தக்கூடிய ஏற்பாடுதான் வேண்டும். முன்பக்கத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

உங்களுக்குச் சரியானது துணைப் பை. பிளேட் அப்படியே இருக்கும், வெறும் வண்டியை அதுவே தாங்கும். பாரம் ஏறும்போது மட்டும் பை தோள் கொடுக்கும். 600 கிலோவில் பிளேட் 200 ஐ வாங்கிக்கொள்ளட்டும். மீதி 400, பக்கத்துக்கு 200 கிலோ, அதாவது 440 இறாத்தல். 6 அங்குல விட்டமுள்ள சிறிய இரட்டை மடிப்புப் பைக்குப் பரப்பு 20 சதுர அங்குலம் என்று வைத்தாலும் 22 பி.எஸ்.ஐ. போதும். பார்த்தீர்களா, எவ்வளவு சிறிய பை! குழாய் வடிவப் பை, அதாவது உருளை போல் நின்று தன் அடிக்கட்டையின் மேல் சுருண்டு இறங்குவது, ஓட்டத்துக்கு இன்னும் மென்மை. ஆனால் அது நேராக நின்றால்தான் பிழைக்கும். பிளேட் வண்டியில் அக்ஸில் ஒரு வில்லாக அசையும், ஒரு பக்கச் சில்லு மட்டும் ஏறினால் சரியும். அந்தக் கோணல்களை மடிப்புப் பைதான் பொறுத்துக்கொள்ளும். ஆகவே மடிப்புப் பையையே வாங்குங்கள்.

இடத்துக்கு என்ன செய்வது? 3 அங்குலக் கட்டையை எடுத்துவிட்டு 1 அங்குலக் கட்டை போடுங்கள். வண்டி 2 அங்குலம் உயரும். மனம் வருந்துவீர்கள் என்று தெரியும், தாழ்ந்த வண்டியின் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த 2 அங்குலம்தான் பை மூச்சுவிடும் இடம். அக்ஸிலைப் பிளேட்டோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டும் நட்டும் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இறுகி இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடியைக் கொடுக்காது. இதுவும் போதவில்லை என்றால், பையை அக்ஸிலின் உச்சியில் வைக்காமல் செசியின் உட்பக்கமாக ஒதுக்கி, கீழ்ப் பிராக்கெட்டைக் கிண்ணம் போல இறக்கிச் செய்யலாம். அப்போது பையின் பாரம் செசியின் நேர் அடியில் விழாமல் ஓரத்தில் தொங்கி அதை முறுக்கப் பார்க்கும். இரண்டு பக்க மேல் பிராக்கெட்டையும் சேர்த்து ஒரு குறுக்குக் குழாய் வைத்தால் அந்த முறுக்கு அடங்கும்.

செசியை அரைவட்டமாக வெட்டி அக்ஸிலுக்கு வழிவிடும் சி-நொட்ச் வேலையையும் யாராவது சொல்வார்கள். பாரம் ஏற்றும் வண்டியில் அதைச் செய்யுமுன் நன்றாக யோசியுங்கள். பிளேட் ஸ்பிரிங், பாரத்தைச் செசியின் முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது. பை அதை ஒரே புள்ளியில், சரியாக அக்ஸிலுக்கு மேலே, குத்துகிறது. பின்கதவுப் பக்கம் பாரம் கூடினால் செசி அந்தப் புள்ளியில்தான் மடியும். வெட்டுவதும் அதே இடத்தில். செசி வெட்டாமலேயே, பின்னால் பாரமும் அடியில் துணைப் பையுமாக ஓடிய பிக்கப்கள் அந்த இடத்தில் முதுகு உடைந்திருக்கின்றன. கட்டாயம் வெட்டத்தான் வேண்டும் என்றால், வெட்டிய இடத்தைச் சுற்றி அதே தடிப்பில் உறை அடித்து, வெட்டுக்கு இரண்டு பக்கமும் நீளமாக ஓடவிட்டு, நல்ல வெல்டரிடம் கொடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். முதலில் ஒரு சின்னச் சுத்தியலால் செசியைத் தட்டிப் பாருங்கள். எங்கள் வண்டிகள் பண்ணைத் தாம்போதியில் உப்புக்காற்றில் ஓடியவை. 'ணங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்று கேட்டால், பையின் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுத் துருவைப் பாருங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திறக்கும் வரை இந்தப் பழைய வண்டிகள்தான் எங்கள் சந்தைகளை ஓட்டின. அவற்றின் செசி எனக்குப் பெறுமதியான சாமான்.

பூட்டும் வேலைக்கு வருவோம். கீழ்ப் பிராக்கெட்டை அக்ஸில் குழாயில் சுற்றிவர வெல்டிங் செய்யாதீர்கள். சூட்டில் குழாய் வளையும், பிறகு ரயர் ஒரு பக்கமாகத் தேயும், பெயாரிங் போகும். யூ போல்ட்டோடு சேர்த்து இறுக்கும் பிராக்கெட்தான் நல்லது. மேல் பிராக்கெட்டைச் செசியின் பக்கச் சுவரில் போல்ட் போட்டு இறுக்குங்கள், அடித்தகட்டின் விளிம்பில் துளை போடாதீர்கள். எங்காவது வெல்டிங் செய்யத்தான் வேண்டும் என்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். பிரேக் குழாயும் ஹோசும் வழியில் இல்லையா, சில்லு முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடவில்லையா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பையைச் சுற்றிய இடத்தை, காற்று முழுதாக அடித்து, பை தன் அகலமான நிலைக்கு வந்தபிறகு அளக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் என் சொந்தப் பிக்கப்புக்குப் பூட்டும்போது, வெறும் பையை வைத்துப் பார்த்தேன். புகைக்குழாய்க்கும் பைக்கும் நடுவில் இரண்டு விரல் போனது, போதும் என்று விட்டுவிட்டேன். பாரத்தோடு வவுனியாவுக்குப் போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு திரும்பினால் வண்டி வலப்பக்கம் சரிந்து நிற்கிறது. குனிந்தபோது ரப்பர் கருகிய நாற்றம். காற்று அடித்ததும் பை விரிந்து, பாரத்தில் இன்னும் கொழுத்து, புகைக்குழாயோடு ஒட்டியிருக்கிறது. மேல் மடிப்பில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பளபளவென்று உருகி, நடுவில் நூல் தெரிந்தது. அன்று பிளேட்டும், அக்ஸில் செசியில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் தடுப்பும் இருந்ததால் ஊர்ந்தாவது வீடு வந்தேன். பிளேட் இல்லாத வண்டியென்றால் அங்கேயே படுத்திருக்கும். அதிலிருந்து சுற்றிவர ஒரு விரல் தடிப்பு இடைவெளியாவது இல்லாமல் நான் பூட்டுவதில்லை. புகைக்குழாய்ப் பக்கம் ஒரு சாண் தள்ளியிருக்க வேண்டும், முடியாவிட்டால் நடுவில் தகட்டு மறைப்பு வர வேண்டும்.

காற்றுக் கசிவு பற்றி நாலு பேர் நாலு விதமாகப் புலம்புவார்கள். பெரும்பாலும் குற்றம் பையில் இல்லை, குழாய் மூட்டைத் திருகிப் பூட்டும் புரியில் இருக்கிறது. அமெரிக்கப் பைகளில் காற்றுத் துளை அமெரிக்க முறையான என்.பி.டி. புரி. எங்கள் கடைகளில் கொம்பிரசருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கிடைப்பது பிரித்தானிய முறையான பி.எஸ்.பி. கால் அங்குல என்.பி.டி.யில் ஓர் அங்குலத்துக்கு 18 புரி, புரியின் கோணம் 60 பாகை. கால் அங்குல பி.எஸ்.பி.யில் 19 புரி, 55 பாகை. இரண்டும் முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு அழகாக ஏறும். பிறகு இறுகும், 'சரி, பிடித்துவிட்டது' என்று தோன்றும். உண்மையில் அங்கே புரி ஒன்றையொன்று தின்கிறது. பையின் தகடு அலுமினியம் என்றால் துளை அத்தோடு போயிற்று. கடையிலேயே இரண்டு குழாய் மூட்டுகளையும் புரியோடு புரி பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரே இனம் என்றால் பல் பல்லோடு உட்கார்ந்து இடுக்கில் வெளிச்சம் வராது. வேறு இனம் என்றால் ஒரு முனையில் கீற்றாக வெளிச்சம் தெரியும். அதேபோல் கால் அங்குலக் குழாய் 6.35 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர்க் குழாயை அந்த மூட்டில் செருகினால் அன்று பிடிக்கும், அடுத்த கிழமை கசியும். நைலோன் குழாயை வாங்கி, பிளேடால் நேராக வெட்டுங்கள். குறட்டால் வெட்டினால் வாய் நசுங்கி முட்டை வடிவமாகும்.

இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. காசை மிச்சம் பிடிக்க நடுவில் ஒரு மூட்டு வைத்து இரண்டையும் இணைத்தால், வளைவில் பாரம் விழும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடும், வண்டி இன்னும் சரியும். வாழைக்குலை உயரமாக அடுக்கிய வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. கொம்பிரசர், காற்றுத் தாங்கி, மின்வால்வு எல்லாம் உங்களுக்கு இப்போது தேவையில்லை. ரயர் வால்வு போன்ற வாய் இரண்டை இலக்கத்தகட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ரயர்க் கடையில் காற்று அடியுங்கள். பையில் மிகச் சிறிதளவு காற்றே பிடிக்கும், ரயர் போல் அல்ல, ஆகவே ஒரு நொடி விட்டு அளந்து, மறுபடி ஒரு நொடி விட்டு அளக்க வேண்டும். வெறும் வண்டி ஓடும்போதும் 5 பி.எஸ்.ஐ.க்குக் கீழே விடாதீர்கள், மடிப்பு உள்ளே மடங்கிக் கடிபடும். 100 க்கு மேல் எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள்.

பை தூக்கும், ஆட்டத்தை அடக்காது. அது ஷொக் அப்சோபரின் வேலை. கட்டையை மாற்றியதும் அதன் தண்டு நடு நீளத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். செசியின் ரப்பர் தடுப்பைப் பைக்காகக் கழற்றினால் வேறு இடத்தில் கட்டாயம் ஒன்று வையுங்கள், பை முழுதாக நசுங்குமுன் அது முட்ட வேண்டும்.

இன்னொன்று, ஏறக்குறைய யாரும் கேட்காதது. பின்னக்ஸிலிலிருந்து செசிக்கு ஒரு மெல்லிய கம்பி போய் ஒரு வால்வில் சேர்கிறதா என்று பாருங்கள். பல ஹைலக்ஸில் உண்டு. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, பின்பிரேக்குக்கு எவ்வளவு எண்ணெய் அழுத்தம் கொடுப்பது என்று தீர்மானிப்பது அது. 3 அங்குலம் தாழ்த்திய வண்டியில் அது எப்போதும் பாரம் இருப்பதாகவே நினைக்கும். வெறும் வண்டியில், மழை நாளில், பலாலி வீதியில் பிரேக் அடித்தால் பின்சில்லு பூட்டிக்கொண்டு வண்டி சுழலப் பார்க்கும். பையால் தூக்கினால் தலைகீழ்: 600 கிலோ ஏற்றியிருக்க, வால்வு வெறும் வண்டி என்று நினைத்துப் பின்பிரேக்கைக் குறைக்கும். ஆகவே உயரம் முடிவான பிறகு அந்தக் கம்பியைச் சரிசெய்விக்க வேண்டும். பாரம் ஏற்றியபின் வெறும் வண்டியின் உயரத்துக்கு முழுதாகத் தூக்கவும் வேண்டாம். ஓர் அங்குலம் தாழ்ந்தே நிற்கட்டும். 'இப்போதுதான் தாழவில்லையே, இன்னும் 300 கிலோ போடலாம்' என்ற எண்ணமும் வரும். பைதான் தாங்குகிறது தம்பி. அக்ஸிலும் பிரேக்கும் ரயரும் பழையபடிதான் இருக்கின்றன.

பூட்டி முடித்ததும் 80 பி.எஸ்.ஐ. அடித்து, சவர்க்கார நுரையை ஒவ்வொரு மூட்டிலும் பூசிப் பாருங்கள். பிறகு பாரத்துக்கு வேண்டிய அளவுக்கு இறக்கி, ஓர் இரவு விட்டு, மறுநாள் அதே நேரத்தில் அளந்து பாருங்கள். முதல் 100 கிலோமீற்றருக்குப் பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள், 500 இல் இன்னொரு தடவை. வலிகாமத்துச் செம்மண் மடிப்புக்குள் போய்க் காய்ந்தால் அரத்தாள் போல உரசும். தீவுப்பக்கம் போய் வந்தால் உப்பும் சேரும். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் மடிப்புக்குள் விட்டுக் கழுவுங்கள். பைக்கு எண்ணெயோ டீசலோ பூச வேண்டாம்.

மூன்று இடைவெளி அளவு, புகைக்குழாய் எந்தப் பக்கம், சுத்தியல் சத்தம் எப்படி, அந்த மெல்லிய கம்பி இருக்கிறதா இல்லையா என்று எழுதி அனுப்புங்கள். எந்த அளவுப் பை, பிராக்கெட் எத்தனை அங்குலம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை வெங்காயத்தை இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள்.